கொதிப்பென்னும் பெயர்

மதுராந்தகத்தில் ஏரிக்கரைக்கு அண்மையில் வாழும் எம் பாட்டியாருக்கு இரத்தக் கொதிப்பு உண்டென்று ஈராண்டுகட்கு முன்னர் மருத்துவர் கண்டு, நாடோறும் ஒரு மாத்திரை உட்கொள்ளுமாறு பணித்தார். சில திங்கள் உட்கொண்ட பாட்டியார் பின்னர் அதனை நிறுத்திவிட்டார். யாம் காரணம் வினவியபோது, "இப்போது கோபமும் வருவதில்லை, உடம்பிலே சூடும் இல்லை. கொதிப்பு அடங்கிவிட்டது கண்ணு. இனி மருந்து எதற்கு?" என்றார். நீர்மோரும் ஊறவைத்த வெந்தயமும் போதுமென்பது அவர் துணிபு. சென்ற மார்கழியில் ஒருநாள் வைகறையில் அவரது வலக்கை செயலற்றது, நாக் குழறிற்று. பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகளை அவருடைய தகரப் பெட்டியில் பின்னர்க் கண்டோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதன்கண் ஒரு சொல்லின் குற்றமும் புலப்படாமற் போகாது. குருதி கொதிப்பதில்லை, நாளங்களின் சுவரை அளவிறந்து அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தின் மேலெண் 140-ஐயோ கீழெண் 90-ஐயோ கடந்தவர் பலர், வலியின்றி, வெம்மையின்றி, ஆண்டுக்கணக்கில் உழைத்து உண்டு உறங்குகின்றனர். ஏரி நிறைந்து நிற்குங்கால், நீர்ப்பரப்பில் அலை இல்லாமையைக் கொண்டு கரைக்கு இடரில்லை என்று எம்மூரார் ஒருபோதும் கூறார்; கலங்கலையே சென்று நோக்குவர். தம் உடம்பின் திறத்தில் மட்டும் அவ்வறிவை மறக்கின்றனர். கொதிப்பென்னும் பெயர் இருக்குங்காறும், குளிர்ச்சி தேடுவதே மருத்துவமென்னும் எண்ணமும் இருக்கும்.

"ஆங்கில மாத்திரை வேண்டா, நாட்டு மருந்தே நன்று" என்பாரும் உளர். அன்னார் சர்ப்பகந்தியின் வரலாற்றை அறிந்திலர் போலும். பாம்புக்கடிக்கும் பித்துக்கும் நம் நாட்டார் தொன்றுதொட்டு வழங்கிய அச்செடியின் வேர், அழுத்த நோய்க்கும் ஏற்றதென 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் எழுதினர். அவ்வாண்டிலேயே சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரினின்று அஜ்மலின் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஹக்கீம் அஜ்மல்கானின் பெயர் தாங்கிய அஜ்மலின், இதயத்துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாயிற்று. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், தாம் நோக்கிய 50 நோயாளரின் செய்தியைப் பிரித்தானிய இதயநோய் இதழொன்றில் வெளியிட்ட பின்னரே மேனாட்டார் பலர் விழித்தனர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் ஆற்றற்பொருளாகிய ரெசர்பினைப் பிரித்தனர். வேர் நம்முடையது, அளவு கண்டது பலநாட்டார் உழைப்பு.

ரெசர்பின் உடம்பைக் குளிர்விப்பதன்று. நரம்பு முனைகளின் நுண்பைகளில் நாரட்ரினலின் என்னும் பொருள் சேமிக்கப்படும். அது வெளிப்பட்டு நாளங்களைச் சுருக்கும். அப்பைகளில் அது புகும் வாயிலை ரெசர்பின் அடைக்கவே, சேமிப்பு வற்றி நாளங்கள் தளர்கின்றன. ஒரு நாளைக்குக் கால் மில்லிகிராமோ அதனிற் குறைவோ போதும். முன்னாளில் மிகுதியாக அளித்தபோது சிலர் கடும் மனச்சோர்வுற்றனர். கடையில் வாங்கிய வேர்த்துண்டில் எத்துணை ரெசர்பின் உண்டென்பதை யார் அளப்பர்? ஆகலின் நாட்டதா, மேனாட்டதா என்னும் வழக்கு எமக்குப் பொருளற்றதாகவே தோன்றுகின்றது. அளவறிந்து தந்தனரா, நாடோறும் உண்டனரா என்பனவே கேட்கத்தக்கவை.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. சிறுநீரக மருத்துவர் எம். கே. மணியும் அவர்தம் கிட்னி ஹெல்ப் டிரஸ்டாரும் சென்னையை அடுத்த சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே பயிற்சி பெற்ற ஊழியரை வீடுதோறும் அனுப்பி, அழுத்தம் அளந்து, விலை மலிந்த பழைய மருந்துகளாகிய ரெசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு என்பவற்றையே கொடுத்தனர். மருந்துண்டவருள் மிகப் பெரும்பாலோர்க்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் நின்றதென 2003-இல் வெளியிட்டனர். புதுமருந்துகள் வந்தபின் ரெசர்பின் பின்தங்கியது மெய்யே. எனினும் அவ்வூர்களில் வென்றது மருந்தின் புதுமையன்று. விடாது சென்று கதவைத் தட்டிய கால்களே என்போம்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அவ்வழியதே. பாட்டியார் வாயிலுக்கும் அம்லோடிபின் வருகின்றது. இடக்கையால் வாங்கி வைத்துக்கொள்கின்றார். அதனைக் கொதிப்பு மாத்திரை என்றே இன்னும் அழைக்கின்றமையால், "அழுத்த மாத்திரை என்று சொல்லுங்கள் பாட்டி" என்றோம்.

"எந்தப் பேராயிருந்தால் என்ன கண்ணு? முதலில் அந்த அட்டையைப் பிரித்துக் கொடு, ஒரு கையால் முடியவில்லை" என்றார்.