எத்தனை ஏக்கர் மூழ்கியது, யாருடைய ஏக்கர்?

2018 டிசம்பர் பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதி வயல்கள் மூழ்கின. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னரும் முதலில் கேட்கப்படுவது, எத்தனை ஏக்கர் என்பதுதான். நட்டஈடு அந்தக் கணக்கில் தங்கியிருக்கிறது.

முகிலையும் ஊடுருவிப் பார்க்கும் ராடர் செய்மதிகள் விரைவாக விடை தருகின்றன. சென்டினல்-1 படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புள்ளிகள். வெள்ளத்துக்கு முந்திய படத்துடன் ஒப்பிட்டால் நீர் பரவிய இடம் தெரியும்.

ஆனால் பெரும்போகத்தில் வயலில் நீர் நிற்பது வழமை. நீர் கட்டி விதைத்த வயலும் வெள்ளம் மூடிய வயலும் படத்தில் ஒன்றுபோலவே கருமையாக இருக்கும். செய்மதி கடக்கும் நாளுக்குள் வெள்ளம் வடிந்தால், அழிந்த வயல் கணக்கில் வராமலும் போகலாம்.

எனவே களப்பார்வையும் கமநல சேவை நிலையப் பதிவேடும் அவசியம். அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. இடப்பெயர்வில் காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ தொலைத்தவர்கள், வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்பவர்கள் ஆகியோரின் வயல் படத்தில் இருக்கும். பெயர் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

செய்மதிப் படத்தையும் பெயர்ப் பட்டியலையும் கிராம அலுவலர் பிரிவு வாரியாக ஒப்பிட்டு, நட்டஈட்டுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். விடுபட்டவர் அப்போதுதான் கேட்க முடியும்.