கன்வேயரைக் கொஞ்சம் வேகமா ஓட்டு!

'சார், பழைய கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் பண்ணினா வெடிக்குமா?'

கேட்டவர் ஒரகடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் இளைஞர். வெடிக்காது தம்பி. வெடித்தாலாவது உடனே தெரிந்துவிடும். இந்த விவகாரத்தில் வில்லன் சத்தம் போடாமல் வருவான்.

தம்பியின் கதை இது. பகலில் (அல்லது ராத்திரியில், ஷிஃப்ட்டைப் பொறுத்து) கன்வேயர் ஓரம் நின்று போல்ட் முடுக்குகிறார். மீதி நேரத்தில் ஆட்டோகேட் பழகுகிறார். கான்ட்ராக்ட் ஜூனோடு முடிகிறது. அதற்குள் ஒரு டிசைன் ஆபீஸில் இன்டர்வியூ. சொந்தமாகப் போட்ட ஒரு ஜிக் டிராயிங்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்காக டிசம்பரில் வாங்கியதுதான் கம்ப்யூட்டர். உள்ளே இன்டெல்லின் கோர் 2 குவாட் க்யூ 6600. 2007-ல் வந்தபோது ராஜா. இப்போது ரிட்டயர்டு ராஜா. வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்.

யாரோ சொன்னார்கள் என்று ஜனவரியில் அதை 3.0-க்கு ஏற்றியிருக்கிறார். அரை மணி நேரம் பாட்டு கேட்டுப் பார்த்தார், ஓடியது. 'ஸ்டேபிள்' என்று முடிவு கட்டிவிட்டார். மே மாதம் ஒரு நாள், ஆறு வாரம் உட்கார்ந்து போட்ட டிராயிங் திறக்க மறுத்தது. ரிப்பேர் கட்டளை கொடுத்தால் பாதி ஜிக் வந்தது. மீதி பாதி வைகுண்டம்.

ஒரகடத்துக்காரருக்குக் கிளாக் என்றால் என்ன என்று விளக்குவது சுலபம். கன்வேயர்தான். ஒரு வண்டிக்கு 60 செகண்ட் என்று டாக்ட் டைம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எல்லா ஸ்டேஷனிலும் வேலை முடிந்தாக வேண்டும், பிறகு லைன் நகரும். பிராஸஸரிலும் அப்படியே. ஒரு துடிப்புக்குள் உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் கணக்கை முடித்து அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கு 0.42 நானோ செகண்ட். அந்த நேரத்தில் வெளிச்சமே சுமார் 12 சென்டிமீட்டர்தான் போகும். 3.0 ஆக்கினால் 0.33 நானோ செகண்ட்.

லைனை வேகமாக ஓட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலான ஸ்டேஷன்கள் சமாளிக்கும். ஒரே ஒரு ஸ்டேஷனில் ஆள் கடைசி போல்ட்டை முடுக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். லைன் நிற்காது, சைரன் ஊதாது. போல்ட் லூஸான வண்டி ஷோரூமுக்கே போய்ச் சேரும். தம்பியின் டிராயிங்கில் நடந்தது அதுதான்.

அப்படியானால் இன்டெல் சொன்ன வேகத்துக்கு மேல் ஓடவே கூடாதா? அதுவும் இல்லை. கம்பெனி வேகத்தை எழுதும்போது மோசமான சூடு, மோசமான கரன்ட், பல வருஷத் தேய்மானம் எல்லாவற்றையும் யோசித்துக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதுகிறது. நம்மாட்கள் தேடுவது அந்த இடத்தைத்தான். இந்த ஆசையும் புதிதில்லை. 1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரில் 6 மெகாஹெர்ட்ஸ். கிரிஸ்டலைக் கழற்றி வேறு போட்டு 8 ஆக்கினார்கள். ஐ.பி.எம். சும்மா விடுமா? பின்னால் வந்த பயாஸில் வேகத்தைச் சோதிக்கும் வேலை வைத்துவிட்டது. 1998-ல் செலரான் 300ஏ. பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450-ல் ஓடியது. அன்று இன்டெல்லின் உச்சி பென்டியம் டூ-வும் அதே 450-தான், விலை மட்டும் சில மடங்கு!

மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ரேமண்ட் சென் 2005-ல் ஒரு விஷயம் எழுதினார். விண்டோஸ் படுத்துவிட்டதாக வந்த ரிப்போர்ட்டுகளில் சில, நடக்கவே முடியாத இடத்தில் படுத்திருந்தன. ஒரு ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்கு என்கிற கட்டளை, அதில் தவற என்ன இருக்கிறது? விசாரித்தால், ஓவர்கிளாக் செய்த மெஷின்கள். சிலருக்குத் தன் மெஷின் அப்படி இருப்பதே தெரியாது. கடையிலேயே ஏற்றிவிட்டு வேகமான மாடல் என்று விற்றிருக்கிறார்கள். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக பயாஸுக்குள் போய் 'டிஃபால்ட்' அழுத்திவிடுவது உத்தமம்.

தம்பி செய்ததில் ஓட்டை எங்கே என்று பார்த்தோம். க்யூ 6600-ல் பெருக்கல் எண் 9. பஸ் 266. 9 பெருக்கல் 266, 2.4 கிகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 333 ஆக்கினால் 3.0. சரி. ஆனால் பஸ்ஸோடு ராமும் கூடவே ஓடும். அவருடையது 800 வேகத்துக்கான டி.டி.ஆர். 2 ராம். விகிதத்தை மாற்றாமல் பஸ்ஸை மட்டும் ஏற்றியதில் அது 1000-க்குப் போய்விட்டது. பிராஸஸர் பாவம் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருக்கலாம். எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் மாற்றிச் சொன்னால்?

ஆகவே மறுபடி முதலிலிருந்து. ஹீட்ஸிங்கைக் கழற்றியபோது இண்டஸ்ட்ரியல் காரிடார் மொத்தப் புழுதியும் அதில் இருந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவினார். பயாஸில் ராம் விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று ஆக்கினார். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வேகத்தை 100-ல் கட்டிப்போட்டார். பிறகு பஸ்ஸைப் பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் டெஸ்ட்.

டெஸ்ட் என்றால் பாட்டு கேட்பது இல்லை. முதலில் மெம்டெஸ்ட், ஒரு ராத்திரி முழுக்க. அது ராமுக்கு. அடுத்து பிரைம் 95. பெரிய பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ல் ஆரம்பித்த ஒரு கூட்டு முயற்சியின் புரோக்ராம். அதில் 'டார்ச்சர் டெஸ்ட்' என்று பொருத்தமான பெயரில் ஒன்று இருக்கிறது. விடை தெரிந்த கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டு, விடை சரியா என்று பார்க்கும். உங்கள் லைன் முடிவில் நிற்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் மாதிரி, லஞ்ச் பிரேக் இல்லாதவர். எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தப்பு வந்தாலும் ஃபெயில். 'ஏழரை மணி நேரம் தாங்கிச்சே சார்' என்றெல்லாம் சொல்லக்கூடாது.

தப்பு வந்தால் வோல்டேஜைச் சற்று ஏற்றலாம் என்பார்கள். ஏற்றலாம், ஆனால் சூட்டுக்கு வோல்டேஜ் இரண்டு தடவை பெருக்கிக் கணக்கு. வோல்டேஜும் வேகமும் தலா 10 சதவீதம் கூட்டினால் சக்திச் செலவு 33 சதவீதம் கூடும். அத்தனையும் சூடாக அறைக்குள்தான் வரும். ஷீட் போட்ட மாடி ரூமில் நாலு பேர் தூங்குகிற இடத்தில்!

சூடு என்றதும் ஒன்று. அமெரிக்காக்காரன் 3.4 ஓட்டினேன், 3.6 ஓட்டினேன் என்பதை நம்பி இறங்காதீர்கள். அவன் ரூம் 20 டிகிரி. மார்கழியில் 25 டிகிரி ரூமில் பாஸான மெஷின், கத்திரி வெயிலில் 38 டிகிரி ரூமில் அதே 13 டிகிரி கூடச் சுமந்து நிற்கிறது. ஃபேன் எத்தனை சுற்றினாலும் ரூம் காற்றைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் கொடுக்க முடியாது. ஒரகடத்தில் ஓவர்கிளாக் செய்கிறவருக்குப் பரீட்சை மாதம் மே. மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்க வேண்டும்.

டெல் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்நேரம் பயாஸுக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேடாதீர்கள், இருக்காது. டெல் கம்பெனி 2007-ல் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை தொடங்கி டெஸ்க்டாப் செய்தது. உள்ளூர்க்காரராயிற்றே என்று சலுகை இல்லை. ஆபீஸ்களுக்கான ஆப்டிபிளக்ஸ் பெட்டிகளில் பஸ் வேகத்தை மாற்றும் வசதியே வைப்பதில்லை. 2011-க்குப் பிறகு வந்த கோர் ஐ சிப்புகளிலோ, பெயரின் வாலில் 'கே' இல்லையென்றால் பெருக்கல் எண்ணுக்குப் பூட்டு. அவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டால், எந்த ஓவர்கிளாக்கையும்விட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். (இதைத் தம்பியிடம் முதலிலேயே சொன்னேன். 'அது இன்க்ரிமென்ட் வந்ததும் சார்' என்றார்.)

3.0-ல் பிரைம் 95 நாற்பது நிமிஷத்தில் கையை விரித்தது. வோல்டேஜைத் தொட வேண்டாம் என்று இறங்கினோம். பஸ் 320-ல் எட்டு மணி நேரமும் பாஸ், அதுவும் பட்டப்பகலில். கணக்குப் பார்த்தால் 2.88 கிகாஹெர்ட்ஸ், சரியாக 20 சதவீதம் லாபம். ராம் 640-ல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. கேஸின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியே வைத்திருக்கிறார். ராத்திரியில் ஒரு பல்லி வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகத் தகவல்.

காணாமல் போன பாதி ஜிக்கைப் பத்து நாளில் மறுபடி போட்டு முடித்துவிட்டார். இன்டர்வியூ வருகிற புதன்கிழமை. இந்தத் தடவை டிராயிங்கை மூன்று பென்டிரைவில் காப்பி செய்து ரூம்மேட்களிடம் ஆளுக்கொன்று கொடுத்துவைத்திருக்கிறார். அதில் ஒருவர் இடம் போதவில்லை என்று டிராயிங்கை அழித்துவிட்டுச் சினிமா ஏற்றிக்கொண்டதாகக் கேள்வி.