பெரிய ஆளைப் பிடித்தால் போதுமா?

"ஒரு பெரிய ஆளைப் பிடிச்சால் போதும், மிச்சம் தானாய் நடக்கும்." யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒடியல் பொதி செய்பவர், கருவாடு அனுப்புபவர், நண்டு வாங்கி விற்பவர் எல்லோரிடமும் இந்தப் பேச்சு இருக்கிறது. கொழும்பு ஹோட்டலுக்கோ சுப்பர்மார்க்கெட்டுக்கோ சரக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஓர் அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பு வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் செல்வந்தர் யாராவது ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. தீவுகளின் சிறுதொழிலை அது முடக்கி வைத்திருக்கிறது.

இதற்குச் சாட்சியாக முன்னோரைக் காட்டுவார்கள். காரைநகர், வேலணை, புங்குடுதீவு ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை போட்டது உறவினர் கைகொடுத்துத்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊரிலிருந்து போன பொடியன் கடையிலேயே படுத்தெழும்பி, மூட்டை சுமந்து, கணக்கெழுதி, முதலாளியின் கண்முன்னே வளர்ந்தான். இவனை நம்பிக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாம் என்று முதலாளி மொத்த வியாபாரியிடம் சொன்னது, பல காலம் அவனைப் பார்த்திருந்ததால். சொந்தம் வாசல்வரை கூட்டிப் போனது. உள்ளே விட்டது அவனுடைய வேலை.

1983 யூலை வன்செயலும், 1990-91இல் தீவுகளிலிருந்து நடந்த பெரும் இடப்பெயர்வும் அந்த உறவு வலையைச் சிதறடித்தன. இன்று கொழும்பு ஹோட்டலின் கொள்வனவு அதிகாரி எங்கள் வேலையைக் கண்ணால் கண்டதில்லை. பெரியவர் ஒருவர் எங்கள் பெயரைச் சொன்னாலும் அந்த அதிகாரிக்குத் தெரியவருவது பெயர் மட்டுந்தான். பெரிய நிறுவனத்தில் ஒருவரின் தலையசைப்போடு காரியம் முடிவதுமில்லை. சமையல் தலைவர் சுவை பார்க்க வேண்டும், தரம் பார்ப்பவர் ஒப்ப வேண்டும், கணக்குப் பிரிவு விலையை ஏற்க வேண்டும். இத்தனை பேருக்கும் எங்கள் வேலையை யார் காட்டுவது?

இங்கேதான் வாடிக்கையாளர் மடல் வருகிறது. மாதம் ஒரு முறை, இரண்டு பக்கம். அச்சடித்தோ மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பலாம். "அதெல்லாம் பெரிய கொம்பனி வேலை" என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் மடலைப் படிக்க வைப்பது கொம்பனியின் அளவல்ல. அமெரிக்காவின் ஜோன் டியர் நிறுவனம் 1895இலேயே உழவர்களுக்கென்று 'தி ஃபர்ரோ' என்ற இதழைத் தொடங்கியது. கலப்பை விற்றவர்கள் அதில் பயிர்ச்செய்கை பற்றி எழுதினார்கள். அந்த இதழ் இன்றும் வருகிறது. வாங்குபவருக்குப் பயன்படும் செய்தியைத்தான் வாங்குபவர் படிப்பார்.

எழுதிக் காட்டும் பதிவு நம்பிக்கை தரும் என்பதற்கு எங்கள் கடலிலேயே சான்று உண்டு. பாக்கு நீரிணையில் பிடிக்கும் நீல நண்டு அமெரிக்காவுக்குப் போகிறது. இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம், அமெரிக்க நண்டு இறக்குமதியாளர் அமைப்பின் உதவியோடு 2013இல் நண்டு மீன்பிடி மேம்பாட்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. பிடிபடும் நண்டின் அளவையும் தொகையையும் பதிந்து, நடந்த முன்னேற்றத்தை வெளிப்படையாக அறிவித்தார்கள். எங்களை ஒருநாளும் காணாத கொள்வனவாளர் படித்து நம்புவதற்கு இப்படியான பதிவு வேண்டும்.

மடலை யாருக்கு அனுப்புவது? பெரிய வாடிக்கையாளரைத் தேடி நாங்கள் கொழும்புக்கு ஓடுகிறோம். அவரோ குறிகட்டுவானில் படகேறி எங்களிடமே வருகிறார். நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கும் நாகவிகாரைக்கும் வரும் கூட்டத்தில் வங்கி முகாமையாளரும் ஹோட்டல் ஊழியரும் நிறுவன அதிகாரியும் இருக்கிறார்கள். புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது "மாதம் ஒரு மடல் அனுப்பலாமா?" என்று கேட்டு முகவரி வாங்கி வைக்கிறோமா? ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் பெரிய நிறுவனங்களில் வேலை செய்யும் எங்கள் ஊரவர் எத்தனை பேர்! அவர்கள் ஊருக்கு வரும்போது மட்டும் அவர்களை நினைக்கிறோம். பெரிய கொம்பனிக்கு உள்ளே எங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருக்கிறார். எங்களைப் பற்றிச் சொல்ல அவர் கையில் நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை.

மடலில் தற்புகழ்ச்சி வேண்டாம். பொங்கல் வாழ்த்தும் முதலாளியின் படமும் போட்டு நிரப்பவும் வேண்டாம். தை மாசியில் பனங்கிழங்கு கிண்டினோம், ஒடியல் எப்போது காயும், எவ்வளவு கிடைக்கும், விலை என்ன என்று எழுதுங்கள். சோளகம் பலத்து நெடுந்தீவுப் படகு ஓடாத நாட்களில் சரக்குப் பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிந்தினால் ஏன் பிந்தியது என்றும் அடுத்த மடலில் எழுதுங்கள். பெரிய நிறுவனம் சிறிய ஆளோடு வியாபாரம் செய்யும். சத்தமில்லாமல் கைவிட்டுவிடுவார் என்று அஞ்சும் ஆளோடு செய்யாது.

பரிந்துரையைக் கேட்கவும் வேண்டும், தெளிவாகக் கேட்க வேண்டும். "எங்களுக்கு ஏதாவது செய்யுங்கோ" என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "உங்கட நிறுவனத்தில் பரிசுப் பொதி வாங்குபவருக்கு இந்த மடலை அனுப்புவீங்களா?" என்று கேட்டால் அவர் அன்றே அனுப்பிவிடுவார். தன் பெயரைப் பணயம் வைத்துப் புகழ வேண்டிய சங்கடமும் அவருக்கு இல்லை. எங்கள் ஒழுங்கை மடலே காட்டும்.

தனியே எழுத முடியாதவர்கள் சேர்ந்து எழுதலாம். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் தீவுகளில் உண்டு. ஒரு சங்கத்துக்கு ஒரு மடல் என்று தொடங்கினால் ஒருவர் செலவு பலருக்குப் பயன்படும்.

பெரியவர் பதவி இழந்தால் அவர் வாங்கித்தந்த ஓடரும் அவரோடு போய்விடும். அதன்பின் இன்னொரு பெரியவரின் வாசலில் நிற்க வேண்டியதுதான். மாதந்தவறாமல் எழுதியதால் எங்களை அறிந்துகொண்டவர்களை எந்தத் தேர்தலும் எங்களிடமிருந்து பறிக்காது. பரிந்துரைக்காக வாசலில் காத்திருக்கும் நேரத்தில் பாதியை, ஏற்கெனவே வாங்கியவருக்கு எழுதுவதில் செலவிடுங்கள்.