திண்டுக்கல் மலைக்கோட்டையும் நம் கடமையும்



எம் சின்னாளப்பட்டிக்கு வடக்கே, ஒரு காதத் தொலைவுக்குள் நிற்கும் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு, விடுமுறை நாள்களில் இளைஞர்கள் திரள்திரளாய் ஏறுகின்றனர். ஏறட்டும்; கால்வலிமையும் மலைக்காற்றும் எவர்க்கும் நல்லனவே. ஆயின், ஏறியவருட் சிலர் கைப்பேசியில் தம் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, பழங்கல்லில் ஆணியால் தம் பெயரையும் கீறிவிட்டு இறங்குகின்றனரே, அதனை எங்ஙனம் பொறுப்பது?

திண்டினை ஒத்த கல்லாதலின் திண்டுக்கல் என்பர். கேட்டவுடன் பொருள் விளங்கும் பெயர். அதன்மேல் 'பதுமகிரி' என்னும் வடசொற் போர்வையைப் போர்த்தினர். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய தென்றல்விடு தூதும் பதுமகிரிநாதர் பெயராலேயே வழங்குகிறது. புலவர் தூதாக விடுத்ததோ தெற்கிலிருந்து வரும் தென்றலை! வெள்ளையர் 'டிண்டிகல்' என்று சிதைத்தனர். பொதுமக்கள் நா மட்டும் திண்டுக்கல்லை விட்டதில்லை.

அரண் தமிழர்க்குப் புதிதன்று. மதிலை முற்றுவோர்க்கு உழிஞையும் காப்போர்க்கு நொச்சியும் வகுத்த இலக்கணம் நம்முடையது. இன்று நாம் காணும் கோட்டை மதுரை முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டளவில் எழுப்பியது. திருமலை நாயக்கர் வலுப்படுத்தியது. 1755இல் மைசூர்ப் படைத்தலைவராய் ஐதரலி வந்தமர்ந்தார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியார் கைப்பட்டது. மன்னர் பட்டியல் இவ்வளவு போதும்.

மாணவர் அறியவேண்டியது வேறு. 1772இல் காளையார்கோயிற் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார்க்குப் புகலிடமானது திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சி. ஐதரலியின் படைத்துணையோடு 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். பின்னர், அதே விருப்பாட்சியின் கோபால நாயக்கர் பாளையக்காரர்களை ஒன்றுகூட்டினார். 1800 சூன் திங்களில் கோவைக் கோட்டையைத் தாக்கத் துணிந்தோர் அக்கூட்டணியினரே. 1801இல் கும்பினியார் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டனர். பேராசிரியர் இராசய்யன் இக்கிளர்ச்சியை ஆய்ந்து 1971இலேயே ஆங்கிலத்தில் தனிநூல் வெளியிட்டார். ஆயினும் 1857ஐயே முதற்போர் என நெட்டுருச் செய்யும் நம் பிள்ளை, அதற்கு அரை நூற்றாண்டு முன்னர்த் தன் ஊர்க்குன்றின் அடியில் தூக்குக்கயிற்றுக்கு இரையானவர் பெயரை அறியான். அறிந்தவன் அம்மதிலைக் கீறுவானா?

கோட்டை நடுவணரசுத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம், சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும் ஓரிலக்க உருவா வரை தண்டமும் விதிக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தூணருகிலும் காவலரை நிறுத்த எவ்வரசாலும் இயலாது. ஆதலின் பணி நம்மிடமே வருகிறது.

ஆசிரியத் தோழர்காள்! மாணவரை அழைத்துச் செல்லுமுன் பள்ளியில் ஒரு பாடவேளையைக் கோபால நாயக்கர்க்கும் வேலு நாச்சியார்க்கும் ஒதுக்குங்கள். பதுமகிரி என்று எழுதுவோரைத் திண்டுக்கல் என்றே எழுதச் செய்யுங்கள். மலையடிவாரத்தில் பைகளைத் திறந்து பார்த்து, ஆணியும் கரித்துண்டும் இருப்பின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்தபின் திருப்பிக் கொடுக்கலாம்.