வாழைக்குலையும் அப்பாவும்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1996 மாடல். அப்பாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை. நான் அதற்கு அடுத்துதான்.

காரின் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம் என்ற விதி 1994-லேயே வந்துவிட்டது. அப்பா வண்டி வாங்கிய வாரமே இரண்டையும் கழற்றிவிட்டார். "வடசேரி வரைக்கும் போய்ட்டு வர எதுக்குலே கயிறு? நான் என்ன விமானமா ஓட்டுகேன்?"

பெல்ட் வீணாகவில்லை. இருபத்தைந்து வருஷம் கேரியரில் வாழைக்குலை கட்ட உதவியது.

போன மாதம் பார்வதிபுரத்தில் ஒரு போலீஸ்காரர் ஆயிரம் ரூபாய்க்கு சலான் போட்டார். அப்பாவின் கொள்கை அங்கேயே தளர்ந்தது. பழைய பெல்ட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம்.

மெக்கானிக் அதை முகர்ந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மட்டிப்பழ வாசம் அடிக்கு?"

"பேசாம மாட்டு மக்கா."

"இது குலையத்தான் தாங்கும். ஒங்களத் தாங்காது. வெயிலும் மழையும் பட்டு நூலு நைஞ்சு போச்சு."

காயலான் கடை பெல்ட்டும் கூடாதாம். ஒரு விபத்தில் இழுபட்ட பெல்ட்டை மறுபடி நம்ப முடியாது. அதன் ஜாதகம் நமக்குத் தெரியாதே! புது பெல்ட் வாங்கி, கதவுத் தூணில் கம்பெனி வைத்த மரையைத் துரு போகச் சுத்தம் செய்து முறுக்கினார். வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டினால், மோதும்போது தகரத்தோடு பிய்ந்து வந்துவிடுமாம்.

"நாப்பது, அம்பதுலதான போறேன்?" என்றார் அப்பா.

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றுதான்.

"ஒரு தென்னை உயரம்லா!" என்றார் மெக்கானிக். "அங்கேருந்து குதிப்பியளா அண்ணாச்சி?"

இன்னொன்றும் சொன்னேன். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த பெல்ட்டை 1959-ல் வால்வோ காருக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்தது, விமானியை வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கைகள். அப்பா கேட்ட விமானம் வந்தே விட்டது!

ஆரல்வாய்மொழி வரை ஒரு வெள்ளோட்டம். குறுக்கே ஓர் ஆடு. சடன் பிரேக்! அப்பாவையும் என்னையும் பெல்ட் வெடுக்கென்று பிடித்து நிறுத்தியது. பின்னாலிருந்து 'அம்மே' என்று ஒரு சத்தம்.

அம்மாவின் நெற்றி முன் சீட்டில் இடித்து வீங்கியிருந்தது. பின் சீட் பெல்ட் 2002-ல்தான் கட்டாயமானது. எங்கள் வண்டியில் கிடையாது. 2022-ல் விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்கார்ந்திருந்தது பின் சீட்டில்தான். பெல்ட் போட்டிருக்கவில்லை.

அப்பா பேசவே இல்லை. வண்டியைத் திருப்பி நேரே பட்டறைக்கு விட்டார்.

"பின்னால மரையே கெடையாது அண்ணாச்சி. அடியில தடிச்ச இரும்புப் பட்டை வச்சு வேலை செய்யணும். நாலு நாளாவும்."

"எத்தன நாளானாலும் செரி. அதுவரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்."

அம்மா ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். வாழைக்குலையும் இப்போது ஆட்டோவில்தான் வருகிறது.