புள்ளையிடம் கேட்டீங்களா?



பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கசக்கவும் செய்யும். ஊருக்குள் பேச வேண்டியதை ஊருக்குள்ளேயே பேசிவிடுவோம் என்றுதான் எழுதுகிறோம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது, கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் யாராவது அழைத்தால் போய்க் குத்பா ஓதி நிகாஹ் நடத்தி வைக்கும் சிலரை. பதிவாளர் ஒரு பக்கம் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார். நாங்கள் மறுபக்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டு இருப்போம். சம்மாந்துறையில் உங்களில் எத்தனையோ பேரின் காவினில் எங்களைப் போன்றவர்களின் கையொப்பம் இருக்கிறது.

கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். சஹன் எப்போது வரும் என்று பார்ப்பார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தெரிவது வேறு. பொண்ணின் வாப்பாவின் கை தெரியும். "மாப்பிள்ளையின் கையைப் பிடியுங்க" என்று சொல்லும்போது அந்தக் கை நடுங்கும். சிலது வயல் வேலையில் காய்த்துப்போன கை. சிலது மகளுக்கு வீடு கட்ட அந்த வயலையே ஈடு வைத்த கை. மாப்பிள்ளையின் முகத்தில் வியர்வை தெரியும். சாட்சிகள் இரண்டு பேரும் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைப்பது தெரியும். குடி மரைக்காயர் தலையை ஆட்டுவது தெரியும்.

எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஆள் பொண்ணு.

அவள் உள்ளறையில் இருப்பாள். காவின் பள்ளிவாசலில் என்றால் அவள் இருப்பது வேறொரு தெருவில். நாங்கள் பேசுவது வாப்பாவிடம். பதில் சொல்வது மாப்பிள்ளை. "என் மகளை இன்ன மஹருக்கு நிகாஹ் செய்து தந்தேன்", "ஏற்றுக்கொண்டேன்". பிறகு மாப்பிள்ளை கையொப்பம் இடுவார். வலீ இடுவார். சாட்சிகள், நடத்தி வைத்த நாங்கள், பதிவாளர் என்று எல்லோரும் இடுவோம். எத்தனை ஆண்கள் இட்டாலும், யாருடைய வாழ்க்கை அந்தத் தாளில் எழுதப்படுகிறதோ அந்தப் பிள்ளை கையொப்பம் இட அதில் ஓர் இடம் கிடையாது.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். யார் வீடு என்று தேட வேண்டாம். தேடினால் உங்களுக்குத்தான் பாவம்.

சில வருசத்துக்கு முன்னர் ஒரு காவினுக்குப் போனோம். பொண்ணின் பெயரைப் பதிவாளர் வாசித்தபோதுதான் தெரிந்தது, அது எங்கள் வகுப்பில் படித்த பிள்ளை. வயது பதினெட்டு முடிந்திருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவள். வழக்கம்போல வாப்பாவிடம் கேட்டோம், "புள்ளட சம்மதம் கேட்டீங்களா?"

"என்ன சேர், வாப்பா நான் சொல்றன்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். லுஹர் நெருங்கிக்கொண்டிருந்தது. குத்பாவைத் தொடங்கினோம்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், ஒரு சான்றிதழ் எடுக்க. மாப்பிள்ளை வெளிநாட்டில். தொடர்பு குறைவு. காதியிடம் போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கந்தோர் வாசலில் நின்று தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"அண்டைக்கு ஸ்பீக்கர்ல உங்கட குரல் கேட்டிச்சு சேர். நீங்க உள்ளுக்கு வந்து கேப்பீங்க எண்டு இருந்தன்."

என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டோம்.

"வேணாம் எண்டு சொல்லியிருக்க மாட்டன் சேர். ரிசல்ட் வந்த பொறகு வைங்க எண்டு மட்டும் சொல்லியிருப்பன்."

அவ்வளவுதான் அவள் கேட்க இருந்தது. வாப்பாவை எதிர்க்கவில்லை, மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குரிய இடத்தில் நாங்கள் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம். இந்தப் பதிவில் ஏதாவது கோபம் இருந்தால் அது முதலில் எங்கள் மீதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

எங்களுடைய கலியாணங்களை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1954 ஓகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவாகத்தைப் பதியத்தான் காதியின் அனுமதி வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிற சட்டம் அது. வயதைப் பற்றிய வாதம் தனி வாதம். அதை இன்னொரு நாள் பேசலாம். இங்கே பேசுவது வயது வந்த பிள்ளையைப் பற்றி.

அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பாருங்கள். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த பெண்ணின் நிகாஹ் செல்லுபடியாக, வலீ அந்த இடத்தில் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. பெண்ணின் சம்மதத்தையும் தன்னுடைய உடன்பாட்டையும் அவர் தெரிவிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. வாப்பாவின் விருப்பம் ஒன்று, மகளின் சம்மதம் இன்னொன்று என்று அந்தப் பழைய சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. "வாப்பா நான் சொல்றன்தானே" என்பது அதில் ஒன்றைத்தான் தெரிவிக்கிறது.

சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருசம். அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு நிலைப்பாடு. பிறகு அமைச்சரவை, பிறகு ஆர்ப்பாட்டம், பிறகு அறிக்கைப் போர். 2009இல் பிறந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். கொழும்பு முடிவெடுக்கட்டும் என்று நாம் காத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கும் இதே கதைதான்.

ஆசிரியர் என்ற வகையில் ஒன்று சொல்கிறோம். பரீட்சை அனுமதி அட்டையில் பிள்ளை தன் கையால் கையொப்பம் இட வேண்டும், அதிபர் அதை உறுதிப்படுத்த வேண்டும். அடையாள அட்டைக்கு அவளே கையொப்பம் இட வேண்டும். வங்கியில் ஐயாயிரம் ரூபா எடுக்கவும் அவள் கையொப்பம்தான். இந்தப் பிள்ளை பெரிய ஆள் என்று எல்லா மேசையிலும் ஏற்றுக்கொள்கிறார்கள். காவின் மேசையில் மட்டும் அவளுக்கு எழுதத் தெரியாது என்பதுபோல் நடக்கிறோம். ஆண்டு ஒன்றில் கையைப் பிடித்து அலிஃபும் அகரமும் எழுதப் பழக்கியதே நாம்தானே!

இனி மார்க்கம். இதில்தான் எங்களிடம் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள்.

"கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம்" என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த ஹதீஸின் முன்பகுதியை யாரும் சொல்வதில்லை. கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அவள் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரழி) கேட்டபோதுதான், அவளுடைய மௌனமே அனுமதி என்று விளக்கினார்கள். மௌனம் பதிலாக வேண்டுமானால் முதலில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காத இடத்தில் இருப்பது மௌனம் அல்ல. அங்கே நடப்பது எங்கள் கதையில் நடந்ததுதான். பிள்ளை ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களைத் தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்துக் கொடுத்தபோது நபியவர்கள் அந்த மணத்தை ரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. "அவர் ஏற்கெனவே மணமானவர், கன்னி அல்ல" என்பீர்கள். சரி. அபூதாவூதில் கன்னிப் பெண் ஒருவர் வந்து இதே முறைப்பாட்டைச் சொன்னபோது, இருப்பதா பிரிவதா என்று தெரிவு செய்யும் உரிமையை அவரிடமே கொடுத்தார்கள்.

"நாங்க ஷாபிஈ. வாப்பாவுக்கு வலீ முஜ்பிர் என்ற அதிகாரம் இருக்கு" என்று ஒரு சிலர் கிதாபைத் தூக்குவார்கள். நாங்களும் ஷாபிஈதான். அதே கிதாபில் அந்த அதிகாரத்துக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. வாப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் வெளிப்படையான பகை இருக்கக்கூடாது. மாப்பிள்ளை அவளுக்குப் பொருத்தமானவராக இருக்க வேண்டும். மஹரைக் கொடுக்க வல்லவராக இருக்க வேண்டும். எல்லாம் இருந்தாலும் அவளிடம் அனுமதி கேட்பது சுன்னத். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், பெண்ணின் சம்மதம் தேவைப்படும் இடத்தில் அந்தச் சம்மதத்துக்குச் சாட்சி வைத்துக்கொள்வது விரும்பத்தக்கது என்று இருக்கிறது. கையொப்பம் என்பது வேறென்ன? அழியாத ஒரு சாட்சி.

குர்ஆனில் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது. நெல் குத்தகைக்குச் சீட்டு எழுதுகிற ஊர் நம்முடையது. இரண்டு மூடை விதைநெல்லுக்கு இருக்கிற எழுத்து ஒரு பிள்ளையின் "ஓம்" என்ற சொல்லுக்கு இருக்கக்கூடாதா?

"இது என்ஜிஓக்காரன்ட வேலை, வெள்ளைக்காரன்ட சதி" என்று ஒரு கருத்தும் வரும். பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் நிகாஹ்நாமாவில் பொண்ணு கையொப்பம் இடுகிறாள். மலேசியாவின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இரு தரப்பின் சம்மதத்தையும் கேட்கிறது. பெண்ணைக் கட்டாயப்படுத்தி மணமுடிப்பது ஹராம் என்று 2005இல் சவூதியின் தலைமை முஃப்தியே அறிவித்தார். இவர்கள் யாரும் வெள்ளைக்காரர்கள் இல்லை.

"எங்கட உம்மாமாரு கையொப்பம் வெச்சா வாழ்ந்தாங்க?" என்று கேட்பவர்களுக்கு: உங்கள் உம்மாவிடம் போய் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், "உங்களிட்ட அண்டைக்கு யாராவது கேட்டாங்களா உம்மா?" என்று. அவர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கையொப்பத்தை மட்டும் வாங்கினால் காரியம் முடியாது. நம்முடைய பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை. பொண்ணின் வாப்பா கடன்பட்டு, காக்காமார் கட்டாரில் உழைத்து, கூரை ஏறி, டைல்ஸ் பதித்து, பந்தலும் போட்டு, அறுநூறு பேருக்குச் சொல்லியும் ஆன பிறகு அவளிடம் ஒரு தாளை நீட்டி "விருப்பமா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை "இல்லை" என்பாள்? வீடு எழும்ப எழும்ப அவளுடைய வாய் சிறுத்துக்கொண்டே வருகிறது. மஹர் எவ்வளவு என்று நாங்கள் மைக்கில் சத்தமாக வாசிக்கிறோம். அந்த வீட்டின் பெறுமதியை யாரும் வாசிப்பதில்லை. ஆகவே கேட்கிற நாள் காவின் நாளாக இருக்கக்கூடாது, அதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

எனவே எங்களில் சிலர் பேசி மூன்று விடயம் முடிவெடுத்திருக்கிறோம்.

ஒன்று. எங்களை நிகாஹ்வுக்கு அழைப்பதென்றால் அழைப்பிதழ் அடிக்க முன்னர் சொல்லுங்கள். ஓர் ஆசிரியையோ ஊரில் மதிப்புள்ள ஒரு தாயோ வீட்டுக்கு வந்து, பிள்ளையுடன் தனியாகப் பத்து நிமிடம் பேசுவார். வாப்பாவும் மாமாவும் அந்த நேரம் முற்றத்தில் தேநீர் குடிக்கலாம்.

இரண்டு. காவின் அன்று தனித் தாளில் பிள்ளையின் கையொப்பம் எடுப்போம். பதிவுப் புத்தகத்தில் இடமில்லை என்பதால் வேறு தாளில் வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒரு பிரதி பள்ளிவாசலில் இருக்கட்டும், ஒரு பிரதி அவளிடம் இருக்கட்டும்.

மூன்று. இவை இரண்டும் இல்லாத இடத்தில் நாங்கள் மைக்கைப் பிடிக்க மாட்டோம். சொந்தக்காரர் என்றாலும், கோபித்துக்கொண்டாலும், சஹனுக்கு அழைக்காவிட்டாலும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும், மரைக்காயர்மாரிடமும், உலமாக்களிடமும், பதிவாளர்களிடமும் நாங்கள் கேட்பது இந்த நடைமுறையை உங்கள் மஹல்லாவில் வழக்கமாக்குங்கள் என்பதுதான். சட்டம் மாறும்போது மாறட்டும். சுன்னத்தை நடைமுறைப்படுத்த யாருக்கும் வர்த்தமானி தேவையில்லை.

வாப்பாமாருக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நடுங்கும் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். பிள்ளைக்கு நல்லதையே தேடுகிறீர்கள். அந்த நல்லதை அவளிடமும் ஒரு தடவை கேளுங்கள். அவள் "ஓம் வாப்பா" என்று தன் வாயால் சொன்ன பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பாருங்கள், உங்கள் கை அவ்வளவு நடுங்காது.

அந்தப் பிள்ளை இதை வாசித்தால், எங்களை மன்னித்துக்கொள் மகள். அன்று உள்ளே வந்து கேட்டிருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் வாழ்வில் பரக்கத் செய்வானாக. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், மரியாதையோடு பேசுவோம்.

வஸ்ஸலாம்.