முன்பல் விழுந்த வயதில்

போன வாரம் என் மகளுக்கு முன்பல் விழுந்தது. பாட்டி சொன்னபடி கூரை மேல் வீசலாம் என்றால், பதினான்காவது மாடியில் கூரைக்கு எங்கே போவது? பல்லைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

பள்ளி விடுமுறை வேறு. ஏதோ புத்தகத்தில், போஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்ல டீயைப் போய்க் கொட்டுறாங்க?" என்றாள். வரி, பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆரம்பித்தேன். வானொலியில் தினமும் மணிக்கணக்கில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இரண்டே நிமிடத்தில் என் ஒரே நேயர் கொட்டாவி விட்டுவிட்டார்.

சரி, சண்டையை விடு, அதற்கு முன்னால் அங்கே உன்னைப் போன்ற பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் தெரியுமா என்று பேச்சை மாற்றினேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கைப்பிடி வைத்த சின்ன மரப்பலகை. அதில் ஒட்டிய ஒரே தாளில் எழுத்துகள். தாள் கிழியாமலிருக்க, ஒளி ஊடுருவும்படி மெல்லிசாக இழைத்த கொம்புத் தகடு. அதுதான் அவர்களுடைய முதல் பாடநூல். அட்டையில் ஒன்று செய்தோம், கொம்புக்குப் பதில் பிளாஸ்டிக் உறை. இரவு விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைப் படித்தோம். அந்தக் காலத்தில் விலங்குக் கொழுப்பை உருக்கி, திரியைத் தோய்த்து, ஆறவிட்டு, மறுபடி தோய்த்துத்தான் மெழுகுவர்த்தி செய்வார்கள். பெஞ்சமின் பிராங்கிளின் 10 வயதில் படிப்பை விட்டு, போஸ்டனில் அப்பாவின் கடையில் திரி வெட்டியவர். 1718-இல், 12 வயதில், அண்ணனின் அச்சகத்தில் 21 வயதுவரை உழைப்பதாக ஒப்பந்தம். 17 வயதில் ஓடிவிட்டார் என்றதும் மகளுக்கு ஏகக் குஷி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். குழந்தைகளுக்குச் சொல்லப்படும் காலனிகால அமெரிக்கா பெரும்பாலும் மெழுகுவர்த்தியோடும் வெண்ணெய் கடைவதோடும் நின்றுவிடுகிறது. ஆனால் பல வீடுகளில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் அடிமைகள். ஓடிப்போன அதே பிராங்கிளினும் பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தார்.

"ஏழு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" என்றார் கணவர், சோபாவிலிருந்து. எனக்கும் தயக்கம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஏழு வயதுதானே என்று சொல்லிவிட்டேன்.

1761. ஆப்பிரிக்காவிலிருந்து போஸ்டனுக்கு ஒரு கப்பலில் ஒரு சிறுமி வந்து இறங்கினாள். முன்பற்கள் விழுந்திருந்ததைப் பார்த்து, ஏழு வயதிருக்கும் என்று கணித்தார்கள். வீட்லி என்ற குடும்பம் அவளை விலைக்கு வாங்கியது. கப்பலின் பெயர் பிலிஸ். அதையே அவளுக்கு வைத்தார்கள்: பிலிஸ் வீட்லி.

மகள் நாக்கால் பல் விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பதினாறு மாதங்களில் பிலிஸ் ஆங்கிலம் படிக்கக் கற்றாள். கவிதை எழுதினாள். அவளே எழுதியதுதான் என்று போஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றோடு, 1773-இல் லண்டனில் நூல் வெளியானது. அதன் பிரதிகளை போஸ்டனுக்குக் கொண்டுவந்த கப்பல் டார்ட்மவுத். உன் படத்தில் தேயிலை கொட்டுகிறார்களே, அந்த மூன்று கப்பல்களில் ஒன்று என்றேன்.

"ஐயோ, புக்கையும் கொட்டிட்டாங்களா?"

இல்லை, தப்பித்தது. அப்பாடா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, பிலிஸ் கப்பலோட பேருதானே? அவங்கம்மா அவளை என்னன்னு கூப்பிட்டாங்க?"

யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். நம்பவில்லை. எழுந்து போய் அப்பாவிடம் கேட்டாள். அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, மெழுகுவர்த்திப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.